முள்ளம்பன்றிக்குக் கூரை

கரியாலூர் பால்வாடிக்குக் கூரையே இல்லை என்று சொன்னால் அது அபாண்டம். கூரை இருந்தது. ஓடு சரிந்த இடங்களில் ஆகாயமும் தெரிந்தது, அவ்வளவுதான். வெயில் நாளில் அந்தப் பொத்தல்கள் வழியே தரையில் விழும் வெளிச்ச வட்டங்களில் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் உட்காருவார்கள். மழை நாளில் அதே வட்டங்களை விட்டு விலகி உட்காருவார்கள். ஆனந்தமேரி டீச்சர் அங்கே என்ன சொல்லிக்கொடுத்தாளோ, மழை எந்தப் பொத்தலில் முதலில் இறங்கும் என்பது மட்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தலைகீழ்ப் பாடம்.

போன ஐப்பசியில் ஒரு ஓடு, வெள்ளச்சி என்கிற மூன்று வயதுப் பெண்ணின் மடிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. வெள்ளச்சி அழவில்லை. அதைத் தட்டாக ஏந்திக்கொண்டு சோறு கேட்டாள். அழுதது தாய்மார்கள்தான். "இனிமே மழன்னா புள்ளைங்கள அனுப்ப மாட்டோம் டீச்சர்" என்று கூடிவந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மலையில் மழை என்பது வருஷத்தில் பாதி. மழலையர் மேம்பாட்டுத் துறையின் விதியோ, பிள்ளைகள் வராத மையத்தை மூடிவிட வேண்டும் என்பது. கூரை இல்லாததால் பிள்ளைகள் வர மாட்டார்கள்; பிள்ளைகள் வராததால் மையம் இருக்காது; மையமே இல்லாதபோது கூரை எதற்கு? துறை வேறெந்த விஷயத்திலும் இத்தனை தெளிவாக யோசித்ததாகத் தகவல் இல்லை.

ஆனந்தமேரிக்குச் சொந்த ஊர் சின்னசேலம். புருஷன் இன்னாசிக்கு அங்கே ரயில்வே கேட்டில் வேலை. இந்த அம்மாள் ஏன் கீழே மாறுதல் கேட்காமல் மலையிலேயே கிடக்கிறாள் என்று ஊரில் அவ்வப்போது அலசப்பட்டது. மாமியார்தான் காரணம் என்றார்கள் சிலர். பால்வாடியில் சமைக்கும் சாலம்மாள், "இந்தக் காத்துக்கு டீச்சருக்கு முடி நல்லா வளருது, அதான்" என்றாள். உண்மைக் காரணத்தில் ருசி இல்லாததால் யாரும் அதைச் சீந்தவில்லை. அவள் இறங்கிப் போனால் அந்த இடத்துக்கு இன்னொருத்தி ஏறி வர மாட்டாள், அதுதான்.

எண்பத்தேழாம் வருஷம் ஆவணியில் கள்ளக்குறிச்சியில் ஒரு பயிற்சி முகாம் நடந்தது. மண்டல அலுவலர் ராஜாங்கம் மேடை ஏறினார். அவர் தொண்டையைச் செருமினால் கடைசி வரிசையில் தூங்குகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்து தூங்குவார்கள்.

"குழந்தை என்பது யார்?" என்று கேட்டார்.

கூட்டத்தில் யாரோ ஒரு டீச்சரின் மடியிலிருந்த கைக்குழந்தை வீரிட்டது.

"அதை வெளியில கொண்டும்போம்மா, முக்கியமான விஷயம் பேசிக்கினு இருக்கோம்" என்றார் ராஜாங்கம். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "குழந்தை என்பது மலர். இந்த ஆண்டு படைப்பாற்றல் ஆண்டு. ஒவ்வொரு மையத்திலும் மழலைகள் தம் கைகளால் காட்டு விலங்குகளைச் செய்ய வேண்டும். சிறந்த மையம் மாதிரி மையமாக அறிவிக்கப்படும். மாதிரி மையத்துக்குப் பார்வையாளர்கள் வருவார்கள். பார்வையாளர்கள் நனையக் கூடாது. ஆகவே மாதிரி மையத்துக்குப் புதுக் கூரை!"

அதுவரை பேருந்து நேரத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த ஆனந்தமேரி, கையைத் தூக்காத குறையாக நிமிர்ந்தாள்.

எல்லோருக்கும் ஒரு வழிகாட்டிப் புத்தகம் கொடுத்தார்கள். அது ஏதோ ஒரு குளிர்நாட்டில் எழுதப்பட்டு, டெல்லியில் கொஞ்ச காலம் தங்கி, சென்னையில் தமிழாகியிருந்தது. அணில் செய்வது எப்படி என்ற பக்கத்தில், 'கழிப்பறைக் காகிதச் சுருள் தீர்ந்தபின் மிஞ்சும் அட்டைக் குழாயை எடுத்துக்கொள்க' என்றிருந்தது.

"அது இன்னா கொழா சார்?" என்று ஒரு குரல் வந்தது.

ராஜாங்கம் மேசை டிராயரைத் திறந்து ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினார். "துறைக்கு ஒண்ணே ஒண்ணு வந்திருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கேன். பாத்துட்டுப் பத்திரமா திருப்பிக் குடுங்க."

குழாய் வரிசை வரிசையாகப் போயிற்று. சிலர் அதன் வழியே மேடையைப் பார்த்தார்கள். ஒருத்தி கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் கொடுத்தாள்.

"எங்க ஊர்ல கக்கூஸே இல்லீங்களே சார்" என்றாள் ஆனந்தமேரி.

"அது சுகாதாரத் துறை. நான் சொன்னது குழாய்."

"மூங்கில் குழா வச்சிக்கலாங்களா?"

ராஜாங்கம் யோசித்தார். "மூங்கில்னா வனத்துறை ஆச்சே. எதுக்கும் உங்க ரேஞ்சரை விழாவுக்குச் சிறப்பு விருந்தினரா கூப்பிட்டுடுவோம். பின்னால பிரச்சன வராது."

"மயில் செய்யலாங்களா சார்? பொஸ்தகத்துல இல்ல. ஆனா புள்ளைங்களுக்கு ஆசையா இருக்கும்."

"மயில் தேசியப் பறவைம்மா! அதைக் குழந்தைங்க கையில குடுத்தா அதன் கண்ணியம் என்னாவறது? டெல்லிக்கு எழுதி அனுமதி வாங்கணும்."

ஆக மயில் இல்லை. இதை ஊருக்குத் திரும்பி வெள்ளச்சியிடம் சொன்னபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "மயிலுதான்" என்றாள். "மயிலு அப்புறம் கண்ணு. இப்ப முள்ளம்பன்னி செய்யலாம்" என்று ஆனந்தமேரி தாஜா பண்ணினாள். வெள்ளச்சி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே சம்மதித்தாள்.

புற்றுமண்ணைச் சலித்துப் பிசைந்து கொடுத்தாள் சாலம்மாள். பிள்ளைகள் முழங்கை வரைக்கும் மண்ணாகி உட்கார்ந்தார்கள். மூங்கில் குழாயில் அணில் ஆயிற்று. நரி ஆயிற்று, அதைச் செய்தவனைத் தவிர மற்றவர்கள் ஆடு என்றார்கள். சடையன் என்ற பையன் கரடி செய்து, அடுப்புக்கரியைப் பூசினான். வழிகாட்டிப் புத்தகத்தில் கரடி பழுப்பாக இருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தது. அந்தப் படத்தை ஆனந்தமேரி அவனிடம் காட்டினாள்.

"கரடி சிரிக்காது" என்றான் சடையன். "எங்கப்பன் பாத்திருக்கான். மூஞ்சியதான் கீறும்."

முள்ளம்பன்றிக்கு முள் வேண்டும். புத்தகம் பல்குச்சி செருகச் சொன்னது. ஆனால் அந்த ஊரில் மரவள்ளிக் கிழங்குக்கு ராத்திரியில் வரும் முள்ளம்பன்றிகள் காடு முழுக்க முள்ளை உதிர்த்துவிட்டுப் போகும். வகிடு எடுக்கவும் பொட்டு வைக்கவும் வீட்டுக்கு வீடு சுவரில் நாலு முள் செருகியிருக்கும். வெள்ளச்சி போய் ஒரு பிடி பொறுக்கிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகச் செருகினாள். முடிந்ததும் வாசலில் காய வைத்தார்கள். தெருநாய் வந்து பார்த்துவிட்டுத் தள்ளி நின்று குரைத்தது. ஆனந்தமேரிக்குக் கூரை வந்துவிட்டாற்போலவே இருந்தது.

புரட்டாசி பிறந்ததும் விழா. அன்றைக்குப் பார்த்து வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. காட்டுவதற்கு ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

ராஜாங்கம் ஜீப்பில் வந்தார். வந்ததும் டிரைவர் முனியனை மத்தியானச் சாப்பாடு வாங்கிவர கச்சிராயபாளையத்துக்குத் திருப்பி அனுப்பினார். ரேஞ்சர் ஆதிமூலம் இரண்டு ஃபாரஸ்ட் கார்டுகளோடு நடந்தே வந்தார். அவருடைய ஓய்வு விடுதி பக்கத்திலேயே இருந்தது. மாலைகள் போடப்பட்டன. ராஜாங்கம் கரடி முன்னால் நின்றார்.

"இந்தக் கரடி ஏன் மகிழ்ச்சியாக இல்லை? நம் மையங்களில் எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பதாக நான் அறிக்கை அனுப்பியிருக்கிறேன்."

ஆனந்தமேரி சட்டென்று விரலால் கரடியின் வாயை இரண்டு பக்கமும் மேலே தள்ளினாள். அவர் நகர்ந்ததும் சடையன் வந்து கீழே இழுத்துவிட்டான்.

ஆதிமூலம் சிறப்பு விருந்தினருக்குரிய சிரிப்போடு முள்ளம்பன்றியின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அப்புறம் கையை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். விரல் நுனியில் ரத்தம். சிரிப்பு போய் முகத்தில் உத்தியோகம் வந்தது.

"இது நெச முள்ளு" என்றார். "இது எங்க டிபார்ட்மெண்ட் பொருள்."

"பன்றி எங்களுடையது" என்றார் ராஜாங்கம். "மண் பிசைந்தது எங்கள் மழலை."

"மண்ண நீங்க வச்சிக்கங்க சார். முள்ளு எங்களுது. வனச்சட்டப்படி கேஸ்."

"கீழ விழுந்து கெடந்ததுங்க சார், மரவள்ளிக் காட்டுல" என்றாள் ஆனந்தமேரி.

"விழுந்துச்சின்னு முள்ளம்பன்னி சொல்லணும்மா, நீ சொல்லக் கூடாது."

பொருளைக் கைப்பற்றியதாக அங்கேயே மகஜர் எழுதத் தொடங்கினார்கள். "இத செஞ்சது யாரு?" என்று ஒரு கார்டு கேட்டதும் வெள்ளச்சி கையைத் தூக்கினாள். "நான்தான்!" கார்டு அவள் பேரை எழுதி, 'தொழில்' என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினான். "இன்னா வேல செய்யற?" "வெளையாடறேன்" என்றாள் வெள்ளச்சி. கார்டு ரேஞ்சரைப் பார்த்தான். ரேஞ்சர் கொஞ்சம் யோசித்து, எதிரி மைனர் என்பதால் பொறுப்பாளரான டீச்சரை எதிரியாகச் சேர்க்கச் சொன்னார்.

ராஜாங்கம் உடனே இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். "வழக்கில் உள்ளவர் நடத்தும் மையம் மாதிரி மையமாக முடியாது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். "வேலையிலயே நீடிக்கறது கஷ்டந்தான். ஆபீஸ் போனதும் ஆர்டர் போட்டுடறேன்."

ஆனந்தமேரி பொத்தல் வழியே ஆகாயத்தைப் பார்த்தாள். கூரையும் போயிற்று, வேலையும் போயிற்று. பிள்ளைகள் ஆளுக்கொரு வெளிச்ச வட்டத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் முனியன் வெறுங்கையோடு வந்து நின்றான். "சார், கீழ போவ முடியல. இட ஒதுக்கீடு கேட்டு ஜில்லா பூரா மறியலாம். ரோட்டுல பூரா புளியமரத்த வெட்டிச் சாச்சிருக்காங்க. இந்தாண்ட ஒரு சைக்கிள்கூட வரல."

"கேட்கறதை எழுத்துமூலம் கேட்கலாமே?" என்றார் ராஜாங்கம்.

"கேட்டாங்களாம் சார். வருசக்கணக்கா."

"அப்ப ஏதாவது ஆபீஸ்ல இருக்கும்" என்ற ராஜாங்கம் ரேஞ்சர் பக்கம் திரும்பினார். "மரம்னா உங்க துறைதானே?"

"ரோட்டோர மரம் ஹைவேஸ். அதுல ஒரு எல எனக்குச் சொந்தமில்ல" என்ற ஆதிமூலம், முள்ளம்பன்றியின் காலில் அரக்கு முத்திரை வைக்கும் வேலையைத் தொடர்ந்தார்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ராஜாங்கம் ஓய்வு விடுதிச் சாவியைக் கேட்டார். மண்ணுக்கும் முள்ளுக்கும் நடந்த சண்டையை ஆதிமூலம் மறக்கவில்லை. "விடுதி வனத்துறை விருந்தாளிங்களுக்கு மட்டும். நீங்க சம்பவ எடத்து ஆளு சார்" என்று சொல்லிவிட்டார். எனவே மண்டல அலுவலர், சரித்திரத்தில் முதல்முறையாக, தம் மண்டலத்து மையம் ஒன்றிலேயே தங்கினார்.

விடிந்தும் மழை விடவில்லை. ராஜாங்கம் குடைக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குடை இருந்தது பால்வாடிக்குள்.

"பாருங்க சார், எப்படி ஒழுகுது" என்றாள் ஆனந்தமேரி. இழக்க ஒன்றும் இல்லாததால் குரல் கொஞ்சம் உயர்ந்தே வந்தது.

"கூரை ஒழுகுவதாக எனக்குத் தகவல் எதுவும் வரவில்லை" என்றார், குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு.

"வருசா வருசம் எழுதிக்கினுதானங்க சார் இருக்கேன்?"

"அதெல்லாம் ஆபீஸ்ல இருக்கும்மா. நான் இங்க இல்ல இருக்கேன்!"

"தாத்தா, அங்க குந்தாத" என்றாள் வெள்ளச்சி. அடுத்த வீடுதான் என்பதால் மழையிலும் வந்துவிடுகிறவள். "இப்ப அங்கதான் ஊத்தும்." அவர் அதிகாரத் தோரணையில் அவளைப் பார்த்தார். ஊற்றியது. அதன்பிறகு மண்டல அலுவலர், அந்தப் பெண் கை காட்டிய இடங்களுக்கெல்லாம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.

இதற்கிடையில் வழக்குப் பொருளுக்குக் காவல் இருந்த கார்டு அலறிக்கொண்டு விடுதிக்கு ஓடினான். ஆதிமூலம் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

"மூக்கு எங்கடா?"

"கரைஞ்சிப் போச்சுங்கய்யா."

ரேஞ்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். கைப்பற்றிய பொருள் கெட்டுப்போனால் கைப்பற்றியவர் பதில் சொல்ல வேண்டும். விடுதிக்குக் கொண்டுபோகலாம் என்றால், மாஜிஸ்திரேட் வந்து பார்க்கும்வரை சம்பவ இடத்திலேயே வைத்திருப்பதாக மகஜரில் அவரே எழுதி, ராஜாங்கத்திடமே சாட்சிக் கையெழுத்தும் வாங்கியிருந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தாள் ஆனந்தமேரி. பிறகு மூக்கில்லாத அந்த முள்ளம்பன்றியைப் பார்த்தாள், முதன்முறையாக மரியாதையோடு.

"முள்ளும் உதிர ஆரம்பிச்சிட்டா கணக்குல கம்மியாயிடுமேங்க சார்" என்றாள் பணிவாக. "நாங்க எடுத்துக்கினோம்னு நாளைக்குக் கோர்ட்டுல சொல்லுவாங்க."

"எங்கனா ஒழுகாத எடமா பாத்து வையேம்மா!"

"அப்படி எடமே இல்லீங்களே சார்."

"இருக்குது டீச்சர்" என்றாள் வெள்ளச்சி. "அந்த மூலையில—"

ஆனந்தமேரி ஒரு சத்துமாவு உருண்டையை எடுத்து அவள் வாயில் முழுசாக வைத்தாள். வெள்ளச்சி மூலையைக் காட்ட நீட்டிய கையில் இன்னொன்றைக் கொடுத்தாள்.

மழை கொஞ்சம் ஓய்ந்ததும் ஆதிமூலம் உத்தரவு போட்டார். விடுதிக்குப் பின்னால், கடத்தல்காரர்களிடம் பிடித்த தேக்கு மரம் அடுக்கிக் கிடந்தது. அதிலிருந்து கைமரமும் விட்டமும் வந்தன. ஓடு, விடுதிச் சமையல்கட்டின் மேலிருந்து வந்தது. கார்டுகள் காக்கியைக் கழற்றி வைத்துவிட்டு மேலே ஏறினார்கள். சாலம்மாள் அடுப்படியிலிருந்தே மேஸ்திரி வேலை பார்த்தாள். "இந்தாண்ட ஓரத்த நல்லா அடிச்சி வுடுண்ணா, பன்னி மேல சாரல் அடிக்குமில்ல?" பன்றி நடு அறையில், பலகை மேல், கவிழ்த்த பித்தளைக் குண்டான் ஒன்றின் அடியில் வீற்றிருந்தது.

ஒரு வாரம்போல மறியல் நீடித்தது. சாலைகள் திறந்தபோது கூரையும் முடிந்திருந்தது. வாசலில் 'வழக்குப் பொருள் பாதுகாப்புக் கூடம், வனத்துறை' என்று பலகை மாட்டினார்கள். கீழே இறங்குமுன் ராஜாங்கம் குழந்தையின் தலை ரிப்பன் ஒன்றை வாங்கி வாசலில் கட்டி வெட்டினார். "நம் துறையின் இடைவிடாத முயற்சியால், நானே நேரில் தங்கி..." என்று பேசினார். டீச்சரை வேலையிலிருந்து நிறுத்தும் பேச்சு வந்தபோது ஆதிமூலம் குறுக்கே விழுந்தார். "பொருள ஒப்படைச்சிருக்கறது அந்தம்மாகிட்ட. ஆள மாத்தினா நான் மொதல்லேர்ந்து மகஜர் எழுதணும்." உத்தரவு அத்தோடு நின்றது.

வழக்கு கள்ளக்குறிச்சியில் நடந்தது. மாஜிஸ்திரேட் மலையேறி வந்து பொருளைப் பார்க்க வேண்டும், அவருக்கு நேரமில்லை. ஆகவே வாய்தா. வாய்தா என்றதும் மற்ற எதிரிகளெல்லாம் வயிறெரிந்து வெளியே வருவார்கள். ஆனந்தமேரி மட்டும் கும்பிட்டு, "ரொம்ப நன்றிங்கய்யா" என்று சொல்லிவிட்டு வருவாள். கோர்ட்டு வாசலில் பேர் கூப்பிடும் டவாலி அவளுக்குப் புத்தி சரியில்லை என்று முடிவு கட்டினான். கார்த்திகை மழை வந்தது, பிள்ளைகள் ஒருவர் விடாமல் வந்தார்கள். காலையில் பிரார்த்தனை முடிந்ததும் சாலம்மாள் தன் பங்குக்கு, "கேசு முடியக் கூடாது சாமி" என்று சேர்த்துச் சொல்வாள். பிள்ளைகளும் அதை ராகமாக இழுப்பார்கள்.

ஆனால் அடுத்த ஆவணியில் புது மாஜிஸ்திரேட் வந்தார். வழக்குக் கட்டை எடுத்தார், படித்தார், சிரித்தார், தள்ளுபடி செய்தார். சாமி எந்தத் துறைக்குக் கட்டுப்பட்டதோ தெரியவில்லை.

மறுவாரமே ஆதிமூலம் ஏணியோடு வந்தார். "கேஸ் இல்லன்னா பொருள் இல்ல. பொருள் இல்லன்னா பாதுகாப்பு எதுக்கு? மரம் டிப்போவுல கணக்குக் காட்டணும்மா" என்றார். முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டார். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. ஒரு கார்டு ஏணியில் பாதி ஏறிவிட்டான்.

"பிரிச்சிக்கங்க சார்" என்றாள் ஆனந்தமேரி. "அதுக்கு முந்தி புள்ளைங்க புதுசா ஒண்ணு செஞ்சிருக்குதுங்க. சிறப்பு விருந்தாளி நீங்க. ஒரு பார்வ பாத்துட்டுப் போங்க."

பலகையில், போன வருஷத்துப் பன்றிக்குப் பக்கத்தில் மயில் நின்றது. மண்ணால் உடம்பு, மூங்கில் கால். தோகை மட்டும் நிஜத் தோகை. வெளிச்சம் பட்டுக் கண் கண்ணாய் மின்னியது.

ஆதிமூலம் விரலால் தொடப்போய், பழைய ஞாபகத்தில் நிறுத்திக்கொண்டார். "நெசமா?"

"கீழ விழுந்து கெடந்ததுங்க சார்."

"மயிலும்மா இது! பன்னி மாரி இல்ல. டெல்லி வரைக்கும் போவும்."

"எம்மா நாள் இழுக்குங்க சார்?"

அவர் டீச்சரைப் பார்த்தார். வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். கடைசியில் மேலே, தான் போட்ட தேக்கு விட்டத்தைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இதுங்களுக்கெல்லாம் கல்யாணம் ஆவற வரைக்கும் இழுக்கும்" என்றார். பிறகு வெளியே பார்த்துக் கத்தினார்: "டேய், எறங்குடா. ஓட்டுல கைய வைக்காத. மகஜர் எழுதணும், பேப்பர எடு."

கார்டு வந்து உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினான். "இத செஞ்சது யாரு?"

அவன் கேட்டு முடிக்குமுன் வெள்ளச்சி எழுந்து நின்றாள். "நான்தான்! காலு மட்டும் சடையன்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. உள்ளே ஒரு பிள்ளையும் இடம் மாறி உட்காரவில்லை.